ஒரே ஒருமுறை வரும் ஒலிபரப்பு: டியூனரிலிருந்து பதிவு செய்ய எந்த வழி?

கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போன மாதம் கூப்பிட்டார். "ஏண்டா, இந்த வருஷம் தியாகராஜ ஆராதனையை ரேடியோவிலேர்ந்து சுத்தமாப் பிடிச்சு வெச்சுக்கணும். பழைய டெக்கை ரிப்பேர் பண்ணட்டுமா? இல்ல, கம்ப்யூட்டர்ல பண்ணலாங்கிறாங்களே, அதுக்குப் போயிடட்டுமா?"

"ரெண்டு நாள் குடுங்க சித்தப்பா, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஆம்ப்ளிஃபயர், டியூனர் (வானொலி நிலையங்களைப் பிடிக்கும் பெட்டி), கேசட் டெக் என்று மூன்று பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மூன்றுமே 1980களில் வாங்கியவை. டியூனர் இன்றும் நன்றாகப் பாடுகிறது. டெக்கில் பெல்ட் போய்விட்டது. இவற்றோடு, பேரன் விட்டுப்போன ஒரு பழைய லேப்டாப்பும் இருக்கிறது. டியூனர் வைத்திருக்கும் பல வீடுகளின் நிலை ஏறக்குறைய இதுதான் என்பதால், அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ பதிவு செய்யும்போது ஏதாவது தவறினால் முதலிலிருந்து மறுபடி ஓடவிடலாம். வானொலியில் அந்த வசதி கிடையாது. திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமி காலையில் நாட்டையில் தொடங்கி, கௌளை, ஆரபி, வராளி வழியாக ஸ்ரீ ராகத்தில் முடியும் பஞ்சரத்னம், அதாவது தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள், ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். ஆகாசவாணி அதை நேரடியாக ஒலிபரப்பும். அந்த ஒரு மணி நேரத்தைக் கோட்டை விட்டால் அடுத்த வருஷம்தான். அதனால் எந்தக் கருவியில் ஒலி இன்னும் துல்லியம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். அந்த நேரத்தில் எது கைவிடாது என்பதே முதல் கேள்வி. இரண்டு வருஷத்துக்கு முன் ஆரபி நடந்துகொண்டிருந்தபோது என் லேப்டாப் தானாகவே அணைந்து மறுபடி எழுந்தது. ஏதோ புதுப்பிப்பாம். வராளி வந்தபோது திரையில் சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இந்த வரிசையை நான் மாற்றவில்லை.

முதலில் ஆன்டெனா

எதில் பதிவு செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள், எதைப் பதிவு செய்கிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. டியூனருக்குள் வரும் அலை பலவீனமாக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த ரெக்கார்டரும் இரைச்சலைத்தான் துல்லியமாக எழுதி வைக்கும்.

எஃப்எம் ஸ்டீரியோ எப்படி வருகிறது என்று தெரிந்தால் இது விளங்கும். இடது வலது இரண்டையும் கூட்டிய ஒலி சாதாரணமாக வருகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி ஏற்றி அனுப்பப்படுகிறது. 'ஸ்டீரியோ இருக்கிறது' என்று டியூனருக்குச் சொல்ல 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு பைலட் ஒலி கூடவே வருகிறது. முகப்பில் எரியும் ஸ்டீரியோ விளக்கு அந்தப் பைலட்டைப் பார்த்துத்தான் எரிகிறது. அதிர்வெண் ஏற ஏற எஃப்எம்மில் இரைச்சலும் ஏறும் என்பதால், அந்த வித்தியாசப் பகுதியோடு இரைச்சலும் சேர்ந்து இறங்குகிறது. அலை சுமாராக உள்ள இடத்தில் மோனோவைவிட ஸ்டீரியோவில் ஏறத்தாழ 20 டெசிபல் கூடுதலாக இரையும். விளக்கு எரிகிறதே என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. தம்புரா மட்டும் ஒலிக்கும் நேரத்தில் ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். பின்னால் மழை பெய்வதுபோல் ஒரு சத்தம் இருந்தால் மோனோவுக்கு மாற்றிவிடுங்கள். பஞ்சரத்னம் போன்ற கூட்டிசையில் ஸ்டீரியோ தரும் விரிவு எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் இரையும் ஸ்டீரியோவா, அமைதியான மோனோவா என்று கேட்டால் யோசிக்காமல் மோனோ என்பேன். பல டியூனர்களில் மோனோவும், நிலையங்களுக்கு நடுவே வரும் இரைச்சலை அடக்கும் மியூட்டிங்கும் ஒரே பொத்தானில் இருக்கும், அதைத் தனியாகத் தேட வேண்டாம்.

மோனோவுக்குப் போகும் முன் ஆன்டெனாவைப் பாருங்கள். டியூனருக்குப் பின்னால் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஒற்றைக் கம்பியை வைத்துத்தான் பலரும் காலம் தள்ளுகிறோம். 100 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துக்கு ஒரு டைபோல் (இரு கைகள் நீட்டிய ஆன்டெனா) செய்ய ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் குழாய்களும், டிவிக்குப் போடும் 75 ஓம் கேபிளும் போதும். பழைய டியூனரில் 300 ஓம் திருகுகள் மட்டும் இருந்தால், பழைய டிவிக்குப் பின்னால் செருகுவோமே, 300 ஓமை 75 ஓமுக்குப் பொருத்தும் அந்தச் சின்ன 'பேலன்' (balun) ஒன்று வேண்டும்.

சித்தப்பாவுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. கும்பகோணத்துக்கு நேர் கிழக்கே காரைக்கால் நிலையம், 100.3. மேற்கே திருச்சி ரெயின்போ, 102.1. டைபோல் தன் இரு கைகளுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும். கைகளை வடக்கு தெற்காக நீட்டி மாடியில் நிறுத்தினால் ஒரே ஆன்டெனாவுக்கு இரண்டு ஊரும் கேட்கும். ஒன்றில் இரைச்சல் வந்தால் இன்னொன்றுக்குத் தாவலாம். ஐப்பசி, கார்த்திகை இடி மழையின்போது மட்டும் கேபிளை டியூனரிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும்.

காரைக்காலின் 100.3, கொடைக்கானலின் 100.5 இரண்டுமே எட்டும் ஊர்களில் இருப்பவர்கள் டியூனரில் கேட்கும் அலை அகலத்தைக் குறுக்கும் 'நாரோ' என்ற பொத்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்று கசிவதை அது தடுக்கும். ஒலி கொஞ்சம் கரகரப்பாகலாம் என்பதால் தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள்.

மத்திய அலையில்தான் பதிவு செய்ய வேண்டும் என்றால் கதை வேறு. திருச்சி 936, சென்னை 720 கிலோஹெர்ட்ஸ். தூரம் எட்டும், ஆனால் ஒலியின் மேல்பகுதி 5 கிலோஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றுவிடும். வயலினின் மினுமினுப்பு வராது, பேச்சு நன்றாக வரும். எல்இடி பல்பு, போன் சார்ஜர், வீட்டு இன்வெர்ட்டர் மூன்றும் இங்கே எதிரிகள். மின்வெட்டில் இன்வெர்ட்டர் ஏறியதும் 'ங்ங்ங்' என்று ஒரு முழக்கம் வருமே, அது பதிவிலும் அப்படியே விழும். டியூனரோடு வந்த வளைய ஆன்டெனாவைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பினால் அந்த முழக்கம் அடங்கும் ஒரு கோணம் பெரும்பாலும் கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த டியூனர் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்காகச் செய்த டிஜிட்டல் டியூனர் எஃப்எம்மில் 200 கிலோஹெர்ட்ஸ் படிகளில் தாவும். 101.3, 101.5 என்று ஒற்றைப்படையிலேயே நிற்கும். சென்னையில் சூரியனின் 93.5, மிர்ச்சியின் 98.3 அதற்குக் கிடைக்கும். ஆகாசவாணி ரெயின்போவின் 101.4, ஹலோவின் 106.4 இரண்டும் படிகளுக்கு நடுவே விழுந்துவிடும். மத்திய அலையிலும் நம் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்க, அது 10 என்று எண்ணும். 720 இரண்டு கணக்கிலும் வருவதால் தப்பிக்கிறது, 936 தப்பாது. சில பெட்டிகளின் பின்புறம் இதற்கென்றே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான பழைய டியூனர் என்றால் வாங்கவே வேண்டாம். அதன் எஃப்எம் 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடும், மின்சாரமும் 100 வோல்ட். நம் ஊரில் அதற்குக் கேட்க ஒன்றும் இருக்காது.

ஒலியை எங்கிருந்து எடுப்பது

ஆம்ப்ளிஃபயரின் பின்னால் 'டேப் அவுட்' அல்லது 'ரெக் அவுட்' என்று எழுதியிருக்கும் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள்தான் சரியான இடம். அங்கே வரும் ஒலி வால்யூம் குமிழுக்கும் பேஸ், ட்ரெபிள் குமிழ்களுக்கும் முன்பே பிரிந்துவிடுகிறது. சித்தி வந்து சத்தத்தைக் குறைத்தாலும் பதிவு மாறாது. ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு திருகலும் பதிவில் ஏறும். டேப் அவுட் இல்லாத புதிய ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை என்றால் மட்டும் அது. டியூனர் தனிப் பெட்டியாக இருந்தால் ஆம்ப்ளிஃபயரையே தவிர்த்துவிட்டு நேராக டியூனரின் அவுட்புட்டிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் அப்போது ஸ்பீக்கரில் கேட்க முடியாது. ஆராதனை காலையில் வீடு அமைதியாக இருப்பதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

டெக்கைச் சரிசெய்யலாமா

மனசு இதைத்தான் சொல்கிறது. முள் ஆடும் மீட்டர், சிவப்பு ரெக்கார்டு பொத்தானை ப்ளே பொத்தானோடு சேர்த்து அழுத்தும் அந்த 'டக்', இவற்றோடு வளர்ந்தவன் நான். டெக் ஒருபோதும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, அழைப்பு வந்து நிற்காது. எஃப்எம்முக்கென்றே 'எம்பிஎக்ஸ் ஃபில்டர்' என்று ஒரு ஸ்விட்ச்சும் வைத்திருப்பார்கள். அந்த 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் கசிந்து டால்பி என்ற இரைச்சல் குறைப்பைக் குழப்பாமல் இருக்க அது உதவும். வானொலிப் பதிவு வீட்டுக்கு வீடு நடந்த காலத்தில் செய்த கருவி என்பது அதன் ஒவ்வொரு பொத்தானிலும் தெரியும்.

ஆனாலும் ஆராதனைக்கு நான் டெக்கைச் சொல்லவில்லை. சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். பஞ்சரத்னம் அதற்குள் அடங்காது. எப்படித் தொடங்கினாலும் நடுவில் எங்கோ கேசட்டைத் திருப்ப வேண்டும். ஆட்டோ ரிவர்ஸ் இருந்தாலும் முனையில் உள்ள காந்தமில்லாத லீடர் நாடா கடக்கச் சில நொடிகள் போகும். சி-120 இருக்கிறதே என்றால், அதன் நாடா மிக மெலிது. நம் ஊர் வெயிலில் பழகிய டெக்கில் அது உருளையில் சுற்றிக்கொண்டதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி போட மாட்டார்கள். பெல்ட் மாற்றினாலும், நாடாவை இழுத்துச் செல்லும் ரப்பர் உருளை இறுகிப்போயிருந்தால் வேகம் அலையும். நீண்ட கார்வையில் அந்த அலைச்சல் காதை உறுத்தும். கடைசியில், பதிவைப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டுமானால் அதே ஒரு மணி நேரத்தை மறுபடி கணினியில் ஓடவிட்டு மாற்றத்தான் போகிறோம்.

டெக்கைச் சரிசெய்ய வேறு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

லேப்டாப்

லேப்டாப்பில் உள்ள ஒற்றைத் துளை ஹெட்செட்டுக்கானது. அதன் மைக் பகுதி மோனோ. டியூனரின் ஒலி அதற்கு மிகப் பெரியது, நேராகச் செருகினால் உடைந்த ஒலிதான் பதிவாகும். ஆர்சிஏ உள்ளீடு கொண்ட சின்ன யூஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்று வேண்டும். பெரிங்கர் யூசிஏ 222 போன்றவை இதற்காகவே இருக்கின்றன. சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை அப்படியே செருகலாம். மென்பொருளுக்கு இலவசமான ஆடாசிட்டி போதும்.

லேப்டாப்பின் பெரிய பலம் நேரம் வைத்துப் பதிவு செய்வது. ஆடாசிட்டியில் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் கொடுத்துவிட்டால் நீங்கள் வேலைக்குப் போயிருந்தாலும் அது எழுதிக்கொள்ளும். வாராவாரம் ஒரே நேரத்தில் வரும் நிகழ்ச்சியைச் சேர்த்து வைக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழியில்லை. முடிந்தபின் வெட்டி ஒட்டுவதும் அங்கேயே. இரவு 11 மணி நிகழ்ச்சிக்காக என் வீட்டில் இன்றும் இதுதான் ஓடுகிறது.

அதன் பலவீனங்களை என் ஆரபி கதையிலேயே பார்த்தோம். ஸ்லீப், புதுப்பிப்பு, அறிவிப்பு ஒலிகள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். மென்பொருள் யூஎஸ்பி பெட்டியைத்தான் கேட்கிறதா, லேப்டாப்பின் சொந்த மைக்கைக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறாக இருந்தால் ஸ்பீக்கரில் வரும் பாட்டும், குக்கர் விசிலும், வாசலில் வந்த கீரைக்காரம்மாவின் குரலும் சேர்ந்து பதிவாகியிருக்கும். சார்ஜரில் மாட்டியிருந்தால் பல வீடுகளில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒன்று ஏறும். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் பேரன் விட்டுப்போன லேப்டாப்பின் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்குமா? சித்தப்பாவிடம் கேட்டேன். "இருபது நிமிஷம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கையடக்க ரெக்கார்டர்

நான் சொன்னது இதை. ஜூம், டாஸ்காம் போன்றவர்கள் செய்யும், பேட்டரியில் ஓடி மெமரி கார்டில் எழுதும் சின்னக் கருவி. வாங்கும்போது ஒன்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: வெளியிலிருந்து லைன் அளவு ஒலியை (டியூனர், டெக் போன்றவை தரும் அளவு) ஸ்டீரியோவில் வாங்கும் துளை இருக்க வேண்டும். பேச்சைக் குறித்துக்கொள்ள விற்கும் மலிவான வாய்ஸ் ரெக்கார்டர்களில் இது இருக்காது.

இதற்கு ஒரே வேலைதான். பதிவு செய்வது. அதனால்தான் கைவிடாது. மின்சாரம் போனாலும் ரெக்கார்டர் ஓடும். ஆனால் டியூனர் நின்றுவிடும், அதனால் டியூனரையும் ஆம்ப்ளிஃபயரையும் யூபிஎஸ்ஸில் மாட்டச் சொன்னேன். சுவர் மின்சாரத்தோடு தொடர்பு இல்லாததால் ரீங்காரமும் ஏறாது.

அமைப்பில் நான்கு விஷயம். ஆட்டோ லெவலை அணைத்துவிட வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பாட்டைக் கெடுப்பதில் இதற்கு இணை இல்லை. பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் தம்புராவைத் தூக்கும், குரல் எழுந்ததும் அமுக்கும். ஆலாபனை முழுக்கக் கடல் அலைபோல் ஏறி இறங்கும். அடுத்து, கனமான கீழ் ஒலிகளை வெட்டும் லோ கட் வேண்டாம், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ஒலி அதில் போய்விடும். மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் அமைப்பு இருந்தால் அதையும் அணையுங்கள். தொடங்கியபின் ஹோல்டு பொத்தானைத் தள்ளிவிட்டால் யார் தொட்டாலும் நிற்காது.

எந்தத் தரத்தில் எழுதுவது என்பதற்குக் கடைக்காரர் 96 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்று பெரிய எண்களைச் சொல்வார். எஃப்எம் ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் கொண்டுவருவதில்லை. சிடி தரமான 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் தாராளம். மணிக்கு ஏறத்தாழ 635 எம்பி ஆகும். 32 ஜிபி கார்டில் 50 மணி நேரம் கிடைக்கும். 24 பிட் வைத்தால் பதிவின் ஒலி அளவு வைப்பதில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், அவ்வளவுதான்.

அளவு வைப்பதில் வானொலிக்கு ஒரு சலுகை உண்டு. கச்சேரி மேடையில் மைக் வைப்பவருக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று முன்கூட்டியே தெரியாது. நிலையமோ ஓர் எல்லைக்குமேல் ஒலியை ஏற்றி அனுப்புவதில்லை. அந்த உச்சவரம்பு இன்றும் நாளையும் ஒன்றுதான். எனவே முதல் நாள் வைத்த அளவை மறுநாள் அப்படியே நம்பலாம். பழைய ஜப்பானியத் தயாரிப்பு டியூனர்கள் சிலவற்றில் 'ரெக் கேல்' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் 'பூ' என்று சீரான ஒரு ஒலி வரும். நிலையத்தின் உச்சத்தில் பாதி அளவு அது, அதாவது 6 டெசிபல் கீழே. அந்த ஒலி ரெக்கார்டரின் மீட்டரில் மைனஸ் 12இல் நிற்கும்படி வைத்தால், நிலையம் முழு வீச்சில் வரும்போது மைனஸ் 6ஐ ஒட்டி நிற்கும். அதற்குமேல் பார்க்கவே வேண்டாம். சித்தப்பாவின் டியூனரில் அந்தப் பொத்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக அதை ஏதோ பழுதுபார்ப்பவருக்கானது என்று நினைத்துத் தொடாமல் இருந்திருக்கிறார். பொத்தான் இல்லாதவர்கள் முந்தைய நாள் செய்திக்கு முன் வரும் விளம்பரங்களைக் கேட்டு, அவற்றின் உச்சம் மைனஸ் 6இல் நிற்கும்படி வைத்துக்கொள்ளலாம். விளம்பரத்தைவிடச் சத்தமாக எதுவும் வருவதில்லை.

இதன் குறை, நேரம் வைத்துத் தொடங்கும் வசதி எல்லாவற்றிலும் இருக்காது. யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். சில கருவிகள் கோப்பு 2 ஜிபியைத் தொட்டதும் இரண்டாகப் பிரித்துவிடும். சிடி தரத்தில் மூன்று மணி நேரத்துக்குள் என்றால் அந்தக் கவலை இல்லை.

டியூனரே வேண்டாம் என்றால்

கட்டைவிரல் அளவு யூஎஸ்பி டாங்கிள் ஒன்று இருக்கிறது. டிஜிட்டல் டிவி பார்க்கச் செய்த ரியல்டெக் சில்லை, பல அலைவரிசைகளைக் கேட்கும் வானொலியாக மாற்றலாம் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று கேட்டால் கிடைக்கும். எல்லா வழியிலும் மலிவு இதுதான்.

இது செய்யும் ஒரு காரியம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. ஒரு நிலையத்தைப் பதிவு செய்யாமல், 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு வானத்தையே பதிவு செய்துவிடலாம். சித்தப்பா வீட்டில் 100.3இலிருந்து 102.1 வரை 1.8தான். காரைக்காலும் திருச்சியும் ஒரே கோப்பில் விழும். அடுத்த வாரம் உட்கார்ந்து எது சுத்தம் என்று 'டியூன்' செய்து எடுத்துக்கொள்ளலாம். மணிக்கு 17 ஜிபிக்கு மேல் இடம் தின்னும் என்பது வேறு. ஆனால் இதற்கும் கணினி வேண்டும், கணினியின் எல்லாக் கவலையும் கூடவே வரும். 8 பிட் சில்லு என்பதால் பக்கத்திலேயே பலமான ஒலிபரப்பு கோபுரம் இருக்கும் நகரங்களில் திணறும். நல்ல டியூனர் அங்கே சிரமப்படாது. கற்றுக்கொள்ள ஆசையிருக்கும் இளைஞர்கள் வாங்கட்டும். எழுபது தாண்டிய சித்தப்பாவுக்கு இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போனில் எஃப்எம் இருந்தால், ஹெட்செட் கம்பியையே ஆன்டெனாவாக வைத்து, அந்தச் செயலியிலேயே பதிவும் செய்யலாம். ஆபத்துக்கு உதவும். புதிய போன்கள் பலவற்றில் எஃப்எம் காணாமல் போனதால்தான் 2023இல் அதைத் திரும்பக் கொடுக்கும்படி மத்திய அரசு போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்ப வேண்டியிருந்தது. ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் செயலியில் இரைச்சலே இல்லை. நிலையம் எட்டாத ஊரில் இருப்பவர்களுக்கு அது வரம். ஆனால் ஒலி சுருக்கப்பட்டு வரும், கூட்டமாகப் பாடும்போது ஜால்ராவும் 'ச' 'ஸ' ஒலிகளும் கலங்கும். ஆராதனை அன்று காலை இணையம் ஒரு நிமிடம் நின்றாலும் அந்த நிமிடம் பதிவில் ஓட்டையாகிவிடும்.

என்ன முடிவு

சித்தப்பாவுக்கு: முதல் செலவு மாடியில் டைபோல். இரண்டாவது கையடக்க ரெக்கார்டர், ஒரு முனை 3.5 மில்லிமீட்டர், மறுமுனை இரண்டு ஆர்சிஏ உள்ள கம்பி. ஆராதனைக்கு முந்தைய நாள் அதே நேரத்தில் ஒரு மணி நேர ஒத்திகை. காலை நேரத்தில் அக்கம்பக்கத்து மோட்டார்கள் ஓடும், அந்த இரைச்சல் மாலையில் சோதித்தால் தெரியாது. ஒத்திகைப் பதிவை முழுக்கக் கேட்டுவிட்டு, புதிய பேட்டரி போட்டு, ஒலிபரப்புக்குப் பத்து நிமிடம் முன்பே தொடங்கிவிட வேண்டும். லேப்டாப்பைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: திரும்ப வராத நிகழ்ச்சிக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். அதே டேப் அவுட்டிலிருந்து ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கம்பி போட்டு டெக்கிலோ, எஃப்எம் உள்ள போனில் தனியாகவோ இரண்டாவது பிரதியும் ஓடட்டும்.

சட்டம் பற்றிச் சித்தப்பா கேட்டார், நல்ல கேள்வி. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு அதன் ஒலிபரப்பின்மேல் 25 ஆண்டு உரிமை தருகிறது. அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்வதை மீறலாகக் கருதுவதில்லை. வீட்டில் வைத்துக் கேட்கலாம். இணையத்தில் ஏற்றுவது அதில் வராது.

"அப்போ டெக்கை எடைக்குப் போட்டுடட்டுமா?" என்று கடைசியில் கேட்டார்.

"போட்டுடாதீங்க சித்தப்பா" என்றேன். அவர் பீரோவின் கீழ்த்தட்டில் இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் கேசட் இருக்கிறது. எல்லாம் அதே டியூனரிலிருந்து அதே டெக்கில் அவரே பதிவு செய்தவை. ஒவ்வொரு டெக்கிலும் நாடாவில் எழுதிப் படிக்கும் ஹெட் நிற்கும் கோணம் ஒரு மயிரிழை மாறும். எந்தக் கோணத்தில் பதிவானதோ அந்தக் கோணத்தில் ஓடினால்தான் மேல் ஸ்தாயி முழுதாகத் திரும்பி வரும். வேறு டெக்கில் போட்டால் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல் இருக்கும். அந்தக் கேசட்டுகளை மீட்க உலகத்திலேயே பொருத்தமான கருவி அவர் கூடத்தில் பெல்ட் இல்லாமல் நிற்கும் அதுதான். பெல்ட்டையும் உருளையையும் மாற்றிக்கொள்ளட்டும், பழுதுபார்ப்பவர் ஹெட்டின் கோணத் திருகை மட்டும் தொடாமல் இருக்கட்டும். ஐசோபுரொப்பில் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து ஹெட்டைத் துடைக்க வேண்டும். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த கேசட்டை ஓட்டக் கூடாது, தனியே எடுத்து வைக்க வேண்டும். டெக்கின் அவுட்புட்டிலிருந்து அதே கம்பி, அதே ரெக்கார்டர். ஆராதனை முடிந்த மறுநாளே முதல் பெட்டியைத் தொடங்கலாம் என்றார். அதில் மேலே இருப்பது 1986 என்று பென்சிலில் எழுதிய கேசட்டாம்.